இரைச்சல் இல்லாத பெட்டி

பெட்டி மறுபடியும் விற்பனைக்கு வந்திருந்தது.

அதை முதலில் பார்த்தது என் தம்பி பெண்டாட்டிதான். பை தைக்கும் கூடத்தில் வேலை அவளுக்கு. சாப்பாட்டு நேரத்தில் போனைப் புரட்டிக்கொண்டிருந்தவள், அப்படியே எழுந்து, மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். செருப்போடு அடுப்படிக்குள் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் ஈரம்.

"அண்ணி, கண்ணாடியப் போடுங்க."

"என்னம்மா இந்நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"போடுங்க சொல்றேன். இதப் படிங்க. நான் படிச்சது சரிதானான்னு சொல்லுங்க."

அச்சகத்தில் பிழை திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். ஓய்வு பெற்று, புருஷனும் போய்ச் சேர்ந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். அந்த வீட்டில் எது வந்தாலும் படித்துச் சொல்வது என் பொறுப்பு. கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினேன்.

'மிக்சருடன் கூடிய ஆம்ப்ளிஃபயர். பழையது, ஆனால் அருமையான நிலையில் உள்ளது. இரைச்சல் அறவே இல்லை. முன்பு வாங்கியவர் ஒரே ஒரு விழாவுக்கு மட்டுமே பயன்படுத்தினார். மிகவும் நேர்த்தியாக வைத்திருந்தார். அவர் தொழிலை விட்டுவிட்டதால் திரும்ப வந்துள்ளது.'

ஒரு எழுத்துப் பிழை இல்லை. கால்புள்ளிகூடச் சரியான இடத்தில் இருந்தது.

"படத்தப் பாருங்க. இடது பக்கம்."

இடது பக்கக் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறப் பட்டை ஒன்று இருந்தது. தோள்பைக்கு வைக்கிற பட்டை. கூடத்தில் மிஞ்சியதை எடுத்துவந்து இரட்டைத் தையல் போட்டு அவளேதான் மாட்டிக் கொடுத்தாள். தையல் முடிகிற இடத்தில் நூல் சிலுப்பிக்கொண்டிருந்ததுவரை படத்தில் தெரிந்தது.

"நம்ம பெட்டிதானே அண்ணி?"

"நம்ம பெட்டிதான்."

"அந்தக் கடைக்காரன் உடைச்சுப் போட்டுடறேன்னு சொன்னானே. என் கையாலயே உடைக்கிறேம்மான்னு சொன்னானே. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"நான் தூக்கிக் குடுத்தேன் அண்ணி. வண்டில வச்சுக் கட்டறதுக்குக் கயிறு வேற குடுத்தேன்." அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொருத்தன் வாங்கிடுவான். வாங்கினா செத்துடுவான்."

என் தம்பி அந்தப் பெட்டியால்தான் செத்தான்.

*

ஊரில் அவனுக்குப் பெயர் மைக். அப்பா அம்மா வைத்த பெயர் வங்கியிலும் வாக்காளர் பட்டியலிலும் மட்டும் இருந்தது. விழாக்களுக்கு ஒலிபெருக்கி வைப்பது தொழில். ஆற்றோரத்து மண்டபத்தில் எது நடந்தாலும் அவன்தான் மைக் வைப்பான். போன மழைக்காலத்துக்கு முன்பு ஒரு பள்ளி ஆண்டு விழாவில், தலைமை ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய பழைய ஆம்ப் புகைந்து நின்றுவிட்டது. மண்டபத்து மேலாளர் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். புதுசு வாங்க வசதியில்லை. அதனால் ராத்திரி பகல் இல்லாமல் போனில் பழைய சாமான் விற்கிற பக்கங்களில் கிடந்தான்.

அந்தப் பக்கங்களின் பாஷை அவனுக்கு அத்துப்படி. நான் படிக்கப் படிக்க அவன் அர்த்தம் சொல்வான்.

"'லேசான கீறல்கள் உண்டு'ன்னு போட்டிருக்குடா."

"லாரில இருந்து விழுந்திருக்கும். அடுத்தது."

"'சோதித்துப் பார்க்கவில்லை.'"

"சோதிச்சாச்சு. ஓடல. அடுத்தது."

"'மின் இணைப்பு கொடுத்தால் விளக்கு எரிகிறது.'"

"விளக்குதான் எரியும். அதுக்கு நான் மெழுகுவத்தி வாங்கிக்குவேன்."

"'வீட்டில் மட்டுமே உபயோகித்தது.'"

"வீட்டுல குடித்தனமே நடத்தியிருப்பானுங்க அதுக்குள்ள. கரப்பான் பூச்சி இலவசம்."

தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி சிரிப்பாள். "அண்ணி, எனக்கு இவர மாப்பிள்ளை பாத்தப்ப என்னன்னு சொன்னாங்க தெரியுமா? கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, அமைதியான பையன்னு."

"அதுல என்ன பொய்?"

"வாயத் திறந்தா ஒலிபெருக்கி. இதச் சொல்லவே இல்ல."

எல்லாப் பொய்யும் தெரிந்தவன் ஒரே ஒரு வரியில் விழுந்தான். 'இரைச்சல் அறவே இல்லை.' அதை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொன்னான்.

மைக்செட் வைக்கிறவர்களுக்கு அந்த இரைச்சல்தான் பெரிய எதிரி. யாரும் பேசாதபோது ஸ்பீக்கருக்குள்ளிருந்து ம்ம்ம் என்று ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சட்டென்று தெரியாது. வைத்தவனுக்கு அது பல்வலி மாதிரி. நல்ல மைக்செட்காரனா இல்லையா என்பதை, யாரும் பேசாதபோது அவன் ஸ்பீக்கரில் என்ன கேட்கிறது என்பதை வைத்துத்தான் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

பெட்டி வந்த அன்று வீட்டுக் கூடத்தின் நடுவில் வைத்து இணைத்தான். தெருப்பக்கக் கதவைச் சாத்தினான். மின்விசிறியை நிறுத்தினான். ஸ்பீக்கரின் துணியில் காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"அக்கா, இங்க வா. காதை வை."

வைத்தேன். "ஒண்ணும் கேக்கலையேடா."

"அதான்! அந்த ஒண்ணுமில்லாததத்தான் கேக்கணும்! சத்தத்த முழுசாத் திறந்து வச்சிருக்கேன்க்கா. இவ்வளவு பழைய பெட்டி இவ்வளவு அமைதியா இருக்கவே கூடாது. என்ன பண்ணி வச்சிருக்கான்னே தெரியல, கையெடுத்துக் கும்பிடலாம்."

"என்கிட்ட ஒரு நாளாவது இப்படிக் கண்ண மூடிக் காதக் குடுத்திருக்காரா கேளுங்க அண்ணி."

"நீ இரைவே. அது இரையாது."

என்ன பண்ணி வைத்திருக்கிறான் என்று அவன் திறந்து பார்க்கவில்லை. ஓடாத பெட்டியைத்தான் திறப்பார்கள். ஓடுகிற பெட்டியை, அதுவும் இப்படிப் பட்டுப்போல் ஓடுகிறதை, யாராவது திறப்பார்களா? காதால் பார்த்தான், காதுக்குச் சரியாக இருந்தது, போதும் என்று இருந்துவிட்டான்.

பெட்டியை முதல்முதலாக வைத்தது ஆற்றோரத்து மண்டபத்தில், யாரோ ஓய்வு பெறும் விழாவுக்கு. மேடையை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நனையாமலிருக்க ஷூவையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கையில் மேடையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி, இன்னொரு கையால் மைக்கை எடுத்திருக்கிறான். ஹலோ என்றானாம். அந்த ஹலோ மண்டபம் முழுக்க அவ்வளவு துல்லியமாகக் கேட்டது என்றார் அவர். நல்ல விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்.

மின் ஆய்வாளர் பெட்டியைத் திறந்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிளக்கிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் பச்சைக் கம்பியை உள்ளே தகட்டிலிருந்து கழற்றி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மடக்கி ஓரமாகச் செருகியிருந்தது. சுத்தமான வேலை.

"பெட்டிக்குள்ள கசியற கரன்ட் தரைக்குப் போற வழிம்மா இது. எர்த்து. இதச் சேத்திருந்தா பெட்டி இரைஞ்சிருக்கும். கழட்டினதால இரைச்சல் நின்னுது. கசிவு நிக்கல. போக வழியில்லாம மைக் வழியா வந்திருக்கு. ஈரக் கால், இரும்புக் கம்பி..." மூடியைத் திரும்பப் பொருத்தினார். பிறகு, "இரைச்சல நிறுத்த சுலபமான வழி இதான். தொழில்ல நிறையப் பேர் பண்றாங்க" என்றார்.

யார் கழற்றினார்கள் என்பதை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. என்னிடம் வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று விற்றவர் எழுதிக் கொடுத்தார். போலீஸார் விபத்து என்று முடித்து, பெட்டியை எங்களிடமே திருப்பித் தந்துவிட்டார்கள்.

அதை வீட்டில் வைத்துக்கொண்டு அவளால் இருக்க முடியவில்லை. போர்வை போட்டு மூடினாள். போர்வை அதைவிடப் பயங்கரமாக இருந்தது. விற்றவர் தானாகவே வந்தார். கண் கலங்கினார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றாள். ஒன்றே ஒன்று கேட்டாள்: உடைத்துவிட வேண்டும். அவரும் சத்தியம் செய்துவிட்டு எடுத்துப்போனார்.

*

விற்றவருக்கு போன் போட்டோம், எடுக்கவில்லை. விளம்பரப் பக்கத்தில் புகார் செய்ய ஒரு இடம் இருந்தது. இந்தப் பெட்டி ஒரு ஆளைக் கொன்றது, பச்சைக் கம்பி இணைக்கப்படவில்லை என்று எழுதினேன். அனுப்பிய உடனேயே பதில் வந்தது. உங்கள் அக்கறைக்கு நன்றி, இந்த விவரிப்பு எங்கள் விதிகளுக்கு உட்பட்டே உள்ளது. மனிதர்கள் அவ்வளவு வேகமாகப் படிக்க மாட்டார்கள்.

அவள் போனை வாங்கிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தாள்.

"அண்ணி."

"என்ன?"

"'விற்பனையாகிவிட்டது'ன்னு வந்துடுச்சு."

சோறு அடுப்படியில் அப்படியே இருந்தது. கிளம்பினோம்.

அவர் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கதவுமுதல் கூரைவரை செத்துப்போன ரேடியோக்கள், தோல் கிழிந்த ஸ்பீக்கர்கள், வயிறு திறந்து கிடக்கும் டேப் ரிக்கார்டர்கள். ஈயம் உருகும் வாசனை. கழுத்தில் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரொட்டியை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ரொட்டி டீக்குள்ளேயே விழுந்துவிட்டது.

"வாங்கம்மா. உக்காருங்க. இந்த மழைல எதுக்கு..."

"பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டிம்மா?"

"ஆளக் கொன்ன பெட்டி."

"மெதுவா, மெதுவா. பக்கத்துக் கடைல ஆளுங்க இருக்காங்க."

"உடைக்கிறேன்னு சொன்னீங்க."

"உடைக்கத்தாம்மா எடுத்துட்டு வந்தேன். என் பிள்ளைங்க மேல சத்தியமா. சுத்தியல எடுத்து வச்சேன். திறந்து பாத்தேன். உள்ள இருக்கறது பழைய காலத்து டிரான்ஸ்ஃபார்மர், நல்ல எடை இருக்கும். இப்பல்லாம் இந்த மாதிரி வர்றதே இல்ல. கை வரல."

"பச்சைக் கம்பிய சேத்தீங்களா?" என்று நான் கேட்டேன்.

அவர் டீ டம்ளருக்குள் விரலை விட்டு ரொட்டியை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

"சேத்தேன்."

"சேத்து வச்சா வித்தீங்க?"

"சேத்தேம்மா. சேத்தா இரையுது. சும்மா இல்ல, வண்டு மாதிரி இரையுது. யார் வாங்குவா?"

"அப்ப?"

அவர் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"அப்ப திரும்பக் கழட்டிட்டீங்க" என்றாள் அவள்.

"எல்லாரும் பண்றதுதாம்மா. ஷூ போட்டுக்கிட்டு, காஞ்ச தரைல நின்னா ஒண்ணுமே ஆகாது. எத்தன வருஷமா இதே தொழில்ல இருக்கேன், நான் சாகலையே. உங்க வீட்டுக்காரர் ஈரத்துல வெறுங்கால்ல நின்னாரு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் எழுதினதுல எது பொய், சொல்லுங்க. இரைச்சல் இல்லைன்னேன். இல்ல. ஒரு விழாவுக்குத்தான் வச்சாருன்னேன்..."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. குரலும் உயரவில்லை.

"யார் வாங்கினது?"

"அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா. வாடிக்கையாளர் விவரம்."

அவள் அங்கே கிடந்த முக்காலியை இழுத்துக்கொண்டு போய் வாசல் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். மழைச்சாரல் முகத்தில் அடித்தது. துடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் வழி விடும்மா."

"என்ன வாங்க வந்தீங்க?"

"பேட்டரி. கடிகாரத்துக்கு."

"அது பரவால்ல. அது கொல்லாது. வேற எதுவும் இங்க வாங்காதீங்க. என் வீட்டுக்காரர் இங்கதான் வாங்கினாரு, செத்துட்டாரு."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கடைக்காரர் எச்சில் விரலோடு நின்றுகொண்டிருந்தார். "பேட்டரி நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று அவர் குடையை மறுபடி விரித்தார்.

அடுத்து ஒரு அம்மாளும் மகளும் வந்தார்கள். அவர்களிடமும் சொன்னாள். அதே வார்த்தைகள், அதே குரல். யாருக்கோ வழி சொல்கிற மாதிரி. அந்த அம்மாள் சட்டென்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"என்னம்மா இது, என் பிழைப்பக் கெடுக்கறீங்க?"

"நாளைக்கும் வருவேன். வேலைய விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். எனக்கு வேற ஜோலி இல்ல."

"காலைல வந்து நேர்லயே எடுத்துட்டுப் போயிட்டான்மா, பக்கத்துல மாத்தறதுக்குத்தான் லேட்டாயிடுச்சு! இப்பத்தான் தொழில் ஆரம்பிச்சிருக்கான், இன்னிக்கு முதல் நிகழ்ச்சின்னு துள்ளிக்கிட்டு எடுத்துட்டுப் போனான். நான் என்ன பண்ணட்டும்?"

"இன்னிக்கா?" என்றேன்.

"பழைய தபால் ஆபீஸ் பின்னாடி ஒரு ஹால் இருக்குல்ல, அங்க. பாட்டு வகுப்புப் பிள்ளைங்க நிகழ்ச்சி. சாயந்தரம்." சொல்லிக்கொண்டே வரும்போதுதான் அவருக்கே கேட்டது போலிருந்தது. பிள்ளைகள் என்று சொன்ன இடத்தில் குரல் இறங்கியது. "நம்பர் தர்றேன். நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

நான்தான் பேசினேன். அவள் எழுந்து வந்து போனருகில் காதை வைத்துக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தான். பின்னால் ஒரே குழந்தைகள் கூச்சல்.

"ஹலோ, யாரு?"

"தம்பி, இன்னிக்கு ஒரு ஆம்ப் வாங்கினீங்களே..."

"ஆமாக்கா, ஆமா. கடைலேருந்தா? கருத்து எழுதணும்ல, எழுதிடறேன்க்கா, அஞ்சு நட்சத்திரம். சத்தமே இல்லக்கா, பட்டு மாதிரி இருக்கு."

"அத ஆன் பண்ணாதீங்க தம்பி."

"என்னது? ஆன்லதான் இருக்கு. சத்தமாப் பேசுங்க, இங்க பிள்ளைங்க..."

"மைக்கத் தொடாதீங்க! யாரையும் தொட விடாதீங்க! அந்தப் பெட்டில எர்த்து..."

"அக்கா கேக்கல. ஆரம்பிக்கப் போறாங்க. அப்புறமா கூப்பிடறேன்."

திரும்பப் போட்டால் அணைத்திருந்தது. மைக்குக்குப் பக்கத்தில் போன் இருந்தால் ஸ்பீக்கரில் கடகடவென்று ஒரு சத்தம் வரும், தொழில் தெரிந்தவன் அணைத்துவிட்டுத்தான் உட்காருவான். நன்றாகத் தொழில் கற்றிருந்தான் அந்தத் தம்பி.

காவல்துறைக்கும் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். "இப்ப யாருக்காவது ஏதாவது ஆயிருக்காம்மா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். ஆள் அனுப்பப் பார்க்கிறோம் என்றார்.

*

ஆட்டோக்காரர் இடத்தைக் கேட்டதும் சிரித்தார். "பாட்டுக் கேக்கவா இவ்வளவு அவசரம்? கச்சேரிக்கு இப்படி அடிச்சுப் புடிச்சு ஓடறவங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"கொஞ்சம் வேகமாப் போங்கய்யா."

"தண்ணி நிக்குதும்மா, இது படகு இல்ல."

அவள் இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. குனிந்து கேட்டேன். "பேசிக்கிட்டே இருக்கட்டும், வரவேற்புரையே முடியக்கூடாது, பேசிக்கிட்டே இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பேசறதும் மைக்லதானேம்மா" என்று சொல்ல வந்து விழுங்கிக்கொண்டேன்.

பாலத்தடியில் முழங்கால் அளவுத் தண்ணீர். வண்டி இருமிவிட்டு நின்றது. ஆட்டோக்காரர் இறங்கி இயந்திரத்தைத் திட்ட ஆரம்பிப்பதற்குள் அவள் குதித்துத் தண்ணீருக்குள் ஓடத் தொடங்கிவிட்டாள். செருப்பு ஒன்று கழன்று மிதந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. "அண்ணி நீங்க மெதுவா வாங்க!" என்று கத்தியது மட்டும் கேட்டது. எனக்கு முட்டி மடங்காது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். தபால் ஆபீஸ் சுவர் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சுவர் திரும்புகிற இடத்தில் ஒலிபெருக்கி கேட்டது. வெளியே மரத்தில் ஒன்று கட்டியிருந்தார்கள். ஒரு பெண் குரல், ஆசிரியையாக இருக்க வேண்டும், அடுத்து யார் பாடப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மழைக்கு நடுவிலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. என் தம்பி கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பான்.

"நம்ம வகுப்பிலேயே வயசுல சின்னவங்க, இப்ப மேடைக்கு வந்து மைக்க..."

அத்தோடு நின்றது.

சொல்லின் நடுவில் நின்றது. நான் சுவரைப் பிடித்தபடியே நின்றேன். மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆட்கள் கத்தும் சத்தம். அந்தச் சத்தம் எந்த வகைக் கத்தல் என்று அங்கிருந்து தெரியவில்லை. நாற்காலிகள் உருளும் சத்தம். ஒரு குழந்தை அழுதது. போய்ப் பார்க்காமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். தம்பி கிடந்ததை ஒரு தடவை பார்த்தவள் நான்.

அப்போது அவள் குரல் கேட்டது.

"அடிங்க! அடிச்சுக்கோங்க! முதல்ல அந்தப் பிளக்கப் பிடுங்குங்க, அப்புறம் என்ன அடிங்க!"

உள்ளே போனேன். சாரலுக்காக ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்ததால் ஒரே இருட்டு. ஆட்கள் போன் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். வாசலை ஒட்டிய சுவரில் மெயின் சுவிட்ச் பெட்டி. அதன் பிடியைக் கீழே இழுத்து, இரண்டு கையாலும் தொங்குகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். ஒரு ஆள் அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"பைத்தியமா இது? யாரு உள்ள விட்டது?"

"விடும்மா கைய!"

"எடுக்க மாட்டேன்."

"ஐயா, அவளத் தொடாதீங்க" என்றேன். "நாங்க அந்த ஆம்ப்போட பழைய சொந்தக்காரங்க. அதுல கரன்ட் கசியுது."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு இளைஞன் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முதல் நிகழ்ச்சிக்கு என்று எடுத்து வைத்திருந்த சட்டையாக இருக்கும்.

"என்னக்கா சொல்றீங்க? போன்ல பேசினது நீங்களா? கரன்ட்லாம் கசியாதுக்கா, மூணு பின் பிளக்குதான் போட்டிருக்கு." ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கி, போன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினான். மூன்று பின்னும் பளபளவென்று இருந்தன. "பாருங்க. எர்த்து பின் இருக்கா இல்லையா?"

"திற" என்றாள் அவள், பிடியை விடாமல்.

"என்னது?"

"பெட்டியத் திறந்து பாரு."

கூட்டத்தில் யாரோ சலித்துக்கொண்டார்கள். நேரமாகிறது என்றார்கள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மேடையருகே போய், பையிலிருந்து திருப்புளியை எடுத்து மண்டியிட்டான். நான் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மேடைப் பலகையில் கூரை ஒழுகி ஒரு குட்டை தேங்கியிருந்தது. அதன் ஓரத்தில், ஒரு ஸ்டூலில், ஒரு சின்னப் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைக் இன்னும் கம்பத்திலேயே இருந்தது.

மூடி வந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. பச்சைக் கம்பி, கறுப்பு டேப், ஓரமாக மடக்கி.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த டேப்பை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான்.

"நானே பண்ணியிருக்கேன்க்கா" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "தொழில் பழகின இடத்துல. ரெண்டு பெட்டில. இரைச்சல் போகலைன்னா இப்படிப் பண்ணுன்னு அண்ணன் சொல்லிக் குடுத்தாரு. அதெல்லாம் இப்ப எங்க இருக்கோ." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, இது யாரையாவது...?"

"என் தம்பிய."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். வாசல் பக்கம் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

விஷயம் வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. கத்திக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். அவள் தோளைப் பிடித்து இழுத்தவர் தன் குழந்தையைத் தேடிப் போய்த் தூக்கிக்கொண்டார். பெட்டியை அந்த இளைஞனே தூக்கிக்கொண்டுபோய் வெளியே மழையில் வைத்துவிட்டு வந்தான். அவள் மட்டும் பிடியை விடவில்லை. பிளக்கைப் பிடுங்கியாச்சு, பெட்டியே இங்க இல்ல என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"இருக்கட்டும் விடுங்க" என்றார் ஆசிரியை. மேடைக்குப் போய்க் குனிந்து அந்தச் சின்னப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். "மைக் இல்லாமலே பாடுவியா?" என்று கேட்டிருக்க வேண்டும். குழந்தை எழுந்து குட்டையைத் தாண்டி முன்னால் வந்து நின்றது.

கூரையில் மழை அடித்தது. முன்வரிசைக்காரர்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணின் வாய் திறப்பது போன் வெளிச்சத்தில் தெரிந்தது.

"பாடறாளா அண்ணி?"

"பாடறா."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"எனக்கும் கேக்கல. மழை."

"சத்தமா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அந்தக் குழந்தை கழுத்தை நீட்டி, குதிகாலை உயர்த்தி நின்று பாடியது.

"வாய் அசையுதா?"

"அசையுது. நல்லாவே அசையுது."

"எதுக்கும் பாத்துக்கிட்டே இருங்க" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.